அண்ணிக்கு நான் எழுதிக் கொடுத்த விலாசம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு சுப்பராயலு கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். தாலூகா ஆபீஸ் குமாஸ்தா. பின்னாலேயே அவர் மனைவி. இருவரும் பத்து நாள் கொழும்பு போகிறார்கள். மச்சினன் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறானாம். பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா வந்துவிட்டது, புதுப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

“சார், நீங்க பேப்பர்ல எழுதறவரு. வெளி தேசத்துல எப்பிடி பத்திரமா இருக்கணும்னு நாலு யோசனை சொல்லுங்க. எழுதிக்கினு போறேன்” என்றார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — யோசனை சொல்வதென்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். கேட்காதவர்களுக்கே சொல்வேன். கேட்டு, நோட்டும் பென்சிலும் வேறு கொண்டுவந்தால் விடுவேனா?

வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன்.

“சாயங்காலம் வாங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு வருடமாக நெஞ்சில் கிடக்கிற விஷயம். இப்போது ஆந்திரா-மெட்ராஸ் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, எந்த ஊர் எந்த ராஜ்யம் என்று முடிவாகிவிட்டது. இனிமேல் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை, என் மானத்தைத் தவிர.

எனக்குச் சொந்த ஊர் புத்தூர் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல். மேட்டுக்குப்பம் என்று பெயர். கரும்பும் கடலையும் போடுகிற தமிழ்க் குடும்பங்கள். என் பெரியப்பா மகன் கோவிந்தன் சின்ன வயதிலேயே ரங்கூன் போய், அங்கேயே ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். அண்ணி பெயர் மா சீன். யுத்தம், குண்டு, கலகம் எல்லாம் தாண்டி இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கடிதம் வந்த அன்று பெரியம்மா திருப்பதி மலையை நோக்கிக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். பிள்ளையும் மருமகளும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தால், இரண்டு பேருக்கும் மொட்டை.

அவர்கள் வருவதாக முடிவான வருடம் எது தெரியுமா? ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிது. ராத்திரி மெட்ராஸ் ராஜ்யத்தில் படுத்தவர்கள் காலையில் ஆந்திராவில் எழுந்தோம். சித்தூர் ஜில்லா முழுக்க ஒரே கொதிப்பு. ஊருக்கு ஊர் கமிட்டி, மகஜர், மேடை. தமிழ் பேசுகிற ஊர்களை மெட்ராஸோடு சேர்க்கக் கேட்ட எங்கள் பக்கத்துக் கமிட்டியில் காரியதரிசி யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் நான்தான்.

எனக்கு அப்போது ஒரு வீறாப்பு. கடிதம் எழுதினால் உறை மேல் ‘மெட்ராஸ் ராஜ்யம்’ என்றுதான் போடுவேன். மற்றவர்களும் எனக்கு அப்படித்தான் போட வேண்டும் என்று கட்டளை வேறு. அந்தக் கடிதங்கள் மெட்ராஸ் வரை போய், ஊரெல்லாம் சுற்றி, பென்சிலில் நாலு பேர் கிறுக்கியபின் ஒரு வாரம் கழித்து வந்து சேரும். அதை எல்லோரிடமும் பெருமையாகக் காட்டுவேன். போஸ்ட்மேன் தலையில் அடித்துக்கொள்வான்.

இந்த நேரத்தில் ரங்கூனிலிருந்து அண்ணன் எழுதினார். ‘உன் அண்ணிக்குத் தமிழ் வராது. கூட்டத்தில் எங்காவது தவறிப்போனால் சொல்வதற்கு ஒரு விலாசம் எழுதி அனுப்பு. சின்னதாக இருக்கட்டும். கப்பலில் வரும்போது நான் நெட்டுருப் போடவைக்கிறேன்.’

நல்ல யோசனைதானே? அன்னிய தேசம் போகிற எவரும் செய்ய வேண்டியது. நான் உட்கார்ந்து எழுதினேன். ‘நான் கோவிந்தன் சம்சாரம். எனக்குத் தமிழ் தெரியாது. என்னை மேட்டுக்குப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.’

மேட்டுக்குப்பம் என்றால் எந்த மேட்டுக்குப்பம்? இன்னும் ஒரு வார்த்தை வேண்டும். நீளமாகப் போட்டால் அண்ணி வாயில் நிற்காது. புத்தூர் என்று போடுவதா, ராஜ்யத்தின் பெயரைப் போடுவதா?

நான் யோசிக்கவே இல்லை. ‘மெட்ராஸ் ராஜ்யம்’ என்று முடித்தேன். அடியில் ஒரு கோடும் போட்டேன். கடல் கடந்து வருகிற ஒரு பெண் வாயிலிருந்தும் எங்கள் கோரிக்கை ஒலிக்கட்டுமே என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கப்பலில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் புத்தூர் வந்து இறங்கினார்கள். அண்ணிக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான தேகம். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டு, ஒரு பூவைச் செருகியிருந்தாள். எல்லோரும் பெட்டி எங்கே, மூட்டை எங்கே என்று கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் பிளாட்பாரத்தில் நின்று அங்குமிங்கும் நிதானமாகப் பார்த்தாள். ஸ்டேஷன் போர்டைப் பார்த்தாள். அதில் எழுத்துகள் மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். எந்த பாஷை எழுத்தின் மேல் என்று சொல்லமாட்டேன். அப்போது இரண்டு பக்கத்திலும் தார் டப்பா இருந்தது. அதையே ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் கைகூப்பி அந்த நாலு வரியை ஒப்பித்தாள். தப்பில்லாமல். கடைசியில் ‘மெட்ராஸ் ராஜ்யம்’ என்றதும் நான் கை தட்டினேன். சரோஜா என்னை முறைத்தாள்.

மூன்றாம் நாள் திருமலை. அண்ணன், அண்ணி, நான், சரோஜா என்று நாலு பேர். மலை பஸ் ஏறுவதற்கு முன் என் யோசனைகள் ஆரம்பமாகிவிட்டன. பாஸ்போர்ட், வெளிதேசத்தவர் என்று போலீஸில் பதிந்த காகிதம், பணம் எல்லாம் ஆம்பளை கையில் இருக்கட்டும். அண்ணி நகை போடவேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரியே புடவை கட்டிக்கொள்ளட்டும், யாரும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள். எல்லாவற்றையும் அப்படியே செய்தார்கள். நான் படித்தவன் அல்லவா!

மொட்டை போடுகிற இடத்தில் அண்ணி கொஞ்சமும் தயங்கவில்லை. நாவிதர் கத்தியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு முடியும் கீழே விழுந்தபோது சரோஜாதான் அழுதாள். அண்ணனுக்கு மீசையும் போனது. ‘நாங்கள் மட்டும் ஏன்?’ என்று அண்ணன் கேலி செய்ததில் எனக்கும் ரோஷம் வந்து நானும் உட்கார்ந்துவிட்டேன். சரோஜா மூன்று கொத்து முடி மட்டும் கொடுத்தாள்.

எங்கள் மொட்டை முடிவதற்கு முன்பே பெண்கள் குளிக்கப் போய்விட்டார்கள்; மீசை போன அண்ணனை அண்ணி பார்க்கவில்லை. குளித்துவிட்டு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தலையில் சந்தனம் பூசி, படியேறி வரும்போது பின்னாலிருந்து ஒரு பெரிய கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு இறங்கியது. சரோஜா ஒரு நிமிஷம் ஓரமாக ஒதுங்கினாள். திரும்பிப் பார்த்தால் அண்ணியைக் காணோம்.

காணோம் என்றால்... எப்படிச் சொல்வது? எதிரே ஐம்பது பெண்கள். எல்லோரும் மொட்டை. எல்லோர் தலையிலும் சந்தனம். பாதிப்பேர் மஞ்சள் புடவை. அதில் யார் அண்ணி?

“ஏங்க... அக்கா என் பின்னாலதாங்க வந்துகினு இருந்துச்சு. கைய வுட்டேன், ஒரே நிமிசங்க” என்று சரோஜா ஓடிவந்தாள்.

நாங்கள் ஓடினோம். நான் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். “மா சீன், மா சீன்” என்று அண்ணன் கத்துகிறார். அந்தக் கோவிந்தா கோஷத்தில் எந்தக் குரல் கேட்கும்? அவளும் எங்களைத் தேடித்தானே இருப்பாள். ஆனால் அவள் தேடியது கிராப்பும் மீசையும் வைத்த ஒரு புருஷனை. அப்படி ஒருத்தர் அப்போது மலைமேல் இல்லை.

ஒரு போலீஸ்காரரைப் பிடித்து, அண்ணியின் அடையாளத்தைத் தெலுங்கில் சொன்னேன். “சானா பொடவு ஜுட்டு சார், நடும் தாகா.” ரொம்ப நீளமான முடி, இடுப்பு வரைக்கும்.

அவர் என் தலையைப் பார்த்தார். அண்ணன் தலையைப் பார்த்தார். “ஏம் சார், கொண்டமீத ஜுட்டு வெதுகுதாரா?” என்றார். மலைமேல் வந்து முடியைத் தேடுகிறீர்களா என்று.

ஒரு மணி நேரமாக எல்லோரிடமும் நான் அதே அடையாளத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீள முடி, கொண்டை, பூ. கண்ணெதிரே மொட்டை போட்டதைப் பார்த்தவன் நான்! பதற்றத்தில் மனசு பழைய முகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள்?

அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் அந்தத் தோல் பை. அதற்குள் அவள் பாஸ்போர்ட், காகிதம், எல்லாம்.

“யுத்தத்துல குண்டு உழுந்தப்போ, அவ ஊருக்கு இட்டுகினு போயி ஒரு வருசம் என்னை ஒளிச்சி வெச்சாடா. எனக்கு அவங்க பேச்சு சரியாக்கூட வராது. அவ அண்ணன் தம்பி, ஊர்க்காரன் யாரும் என்னைத் தொட வுடல. அது அவ ஊரு. இது என் ஊருடா... ஒரு நாள், ஒரே நாள் என்னால அவளைப் பாத்துக்க முடியலியே” என்றார்.



கற்பூரம் விற்கிற ஒரு அம்மாள்தான் கடைசியில் தடம் சொன்னாள். “அந்த வேற தேசத்து அம்மாவா? மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சே, அதுவா? இங்கதான் நின்னுகினு இருந்துச்சு. ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச்சு. இன்னாமோ குப்பம், மெட்ராஸ்னுது. மெட்ராஸ்காரங்க ஒரு குடும்பம் வந்தாங்க. நல்ல ஜனம். ‘ஐயோ பாவம், எங்க ராஜ்யத்து அம்மா, நாங்க கூட்டிகினு போய்ச் சேக்கறோம்’னு பஸ் ஏத்திகினு போய்ட்டாங்க.”

எனக்குக் காலடியில் மலை நழுவியது.

புத்தூர் என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால்? அந்தக் கற்பூர அம்மாளே புத்தூர் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்திருப்பாள். திருப்பதியில் புத்தூர் தெரியாத ஆள் உண்டா? ‘மெட்ராஸ் ராஜ்யம்’ என்று அவள் சொன்னாள், மெட்ராஸுக்குக் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? விலாசத்தில் உள்ளபடிதானே செய்தார்கள்.

மலை பஸ்ஸில் இறங்கும்போது அண்ணன் கேட்டார். “ஏன்டா, நாம புத்தூர்க்காரங்க. எதுக்கு மெட்ராஸுக்கு இட்டுகினு போறாங்க?”

“தெரியலண்ணா” என்றேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்... அப்போதும் பொய்தான் சொன்னேன். சரோஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பதி ஸ்டேஷனுக்கு ஓடினால், மெட்ராஸ் ரயில் போய் அரைமணி ஆகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தெலுங்குக்காரர். நான் மேடையில் எவர்களைத் திட்டிப் பேசினேனோ அவர்கள் பக்கத்து மனிதர். விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் டெலிபோனில் சொன்னார். ‘மொட்டைத் தலை, மஞ்சள் புடவை, வெளிதேசத்து அம்மாள்.’ அவருக்காவது சரியான அடையாளம் சொல்லத் தெரிந்திருந்தது. அண்ணனை உட்காரவைத்து காபி வரவழைத்தார். அண்ணன் குடிக்கவில்லை.

ரேணிகுண்டாவிலிருந்து பதில் வந்தது. அப்படி யாரும் இறங்கவில்லை. வழியில் எங்கள் புத்தூரும் வரும்தான், அங்கே ஒரு நிமிஷம் நின்று போய்விடும். இனி அரக்கோணம். அதற்கப்புறம் மெட்ராஸ். அந்த மகா சமுத்திரத்தில் மேட்டுக்குப்பம் என்று கேட்டுக்கொண்டு, காகிதம் இல்லாமல், பாஷை இல்லாமல், ஒரு பெண்... கடவுளே! மகஜரில் நான் போட்ட கையெழுத்தெல்லாம் ஞாபகம் வந்தது.

மூன்று மணி சுமாருக்கு மறுபடி மணி அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “புத்தூர். ஒரு அம்மா இறங்கி பெஞ்சில உட்காந்திருக்காங்களாம். எழுந்திருக்கமாட்டேங்கறாங்களாம்.”

புத்தூரா? யார் சொன்னார்கள் அவளுக்கு, அது புத்தூர் என்று?

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்ச். போர்ட்டரின் மனைவி ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். நடுவில் ஒரு தட்டில் வேர்க்கடலை. இரண்டு மொட்டைகள் ஓடிவருவதைப் பார்த்ததும் அண்ணி பயந்துபோய் அந்த அம்மாளை ஒட்டி நகர்ந்தாள். அண்ணனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பர்மா பாஷையில் ஏதோ சொன்னார். ஒரே வார்த்தைதான். அவள் எழுந்து வந்து, அவர் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன்.

போர்ட்டர் நடந்ததைச் சொன்னார். “வண்டி நின்னதும் இந்தம்மா எட்டிப் பாத்துச்சு சார். அதோ அந்த தார் பூசின போர்டைப் பாத்ததும் எறங்கணும்னு நின்னுது. கூட வந்தவங்க ‘இது மெட்ராஸ் இல்லம்மா, உக்காரு’ன்னு கையப் புடிச்சிகினு வுடல. உதறிட்டு எறங்கிடுச்சு. வண்டி போய்டுச்சு. ‘மேட்டுக்குப்பம்’னு மட்டும் சொல்லிச்சு. நம்ம மேட்டுக்குப்பம்தான, மூணு மைலு, நானே வண்டி கட்டி அனுப்பறேன்னேன். ஊட்டுக்காரர் வர்றவரைக்கும் வரமாட்டேன்னு கையக் காட்டிச்சு. எதனா துன்னும்மான்னு என் சம்சாரம்தான் கடலை கொண்டாந்தா.”

எழுத்து தெரிந்த நமக்குத்தான் அது அழிந்துபோன போர்டு. அவளுக்கு நம் பக்கத்து எழுத்து எதுவும் தெரியாது. வந்து இறங்கிய அன்றே, தார் எப்படி வழிந்திருக்கிறது, பக்கத்தில் என்ன மரம், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கண்ணால் குறித்து வைத்துக்கொண்டிருந்தாள். என் யோசனை எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. என் விலாசம் அவளை அனுப்பிவைத்தது. அவள் கண் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது.

வண்டியில் ஊருக்குப் போகும்போது அண்ணி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். அண்ணன் தமிழில் சொன்னார்.

“நீ எழுதின விலாசம் நல்லா இருக்குதாம். ஆனா கடைசி ரெண்டு வார்த்தையைச் சொன்னா எல்லாரும் கைய நீட்டி ரொம்ப தூரம் காட்டறாங்களாம். பெஞ்சில உக்காந்து அதை வுட்டுட்டுச் சொன்னாளாம். உடனே ‘இதோ பக்கம்தான்’னு கையக் காட்டினாங்களாம். அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு கேக்கறா.”

மாடுகள் நடந்துகொண்டிருந்தன. சரோஜா என்னையே பார்த்தாள்.

“அது உங்க விலாசம் இல்ல அண்ணி... அது என் ஆசை” என்றேன் கடைசியில். “என் ஆசையை உங்க வாயில வெச்சி அனுப்பிட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

 அண்ணன் மெதுவாக அதை அவள் பாஷையில் சொன்னார். எப்படிச் சொன்னாரோ தெரியாது. அவள் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “சரி, தம்பி” என்றாள். தமிழில்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆசை தப்பு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். எங்கள் பாஷை பேசுகிற ஊர்கள் எங்களோடு இருக்கட்டும் என்று கேட்டோம். சில ஊர்கள் மெட்ராஸ் பக்கம் போயின, என் ஊர் ஆந்திராப் பக்கமே நின்றுவிட்டது. அதற்கு மேடை உண்டு, மகஜர் உண்டு. ஆனால் பாஷை தெரியாத தேசத்தில் தனியாக நிற்கிற ஒரு பெண்ணின் வாயா அதற்கு இடம்? அவளுக்கு வேண்டியது, வீடு இப்போது எங்கே இருக்கிறதோ அந்த இடம். எங்கே இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அது அல்ல.

சாயங்காலம் சுப்பராயலுவும் அவர் மனைவியும் மறுபடி வந்தார்கள். இரண்டே யோசனைதான் சொன்னேன். காகிதங்களை ஆளுக்கு ஆள் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று நன்றாகப் பாருங்கள், யார் அலுத்துக்கொண்டாலும் சரி.

“அவ்ளோதானா சார்?” என்று அவர் ஏமாந்துபோனார். நோட்டில் நிறைய இடம் மிச்சமிருந்தது.

அந்த அம்மாள் மட்டும் தயங்கி, ஒரு சீட்டை நீட்டினாள். “எங்க தம்பி கடை விலாசத்தைத் தமிழ்ல எழுதிக் குடுங்க சார். வழி தவறிட்டா காட்றதுக்கு.”

எழுதினேன். கொடுப்பதற்கு முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன் — அதில் எங்காவது நான் இருக்கிறேனா என்று.